போர் முடியும்வரை மட்டும்

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகம்தானே? பயலுக்குச் சளி விட்டதா என்று கேட்டு அனுப்பியதில் நீல டிக் விழுந்ததோடு சரி. வேலை இருக்கும், இருக்கட்டும். முருங்கைக்கீரைப் பொடியும் பருப்புப் பொடியும் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறேன். வந்ததா என்றாவது சொல்.

மகளிர் தினத்துக்கு ஆபீசில் பேசணும், போரும் புரட்சியும் பெண்களை என்ன செய்தன என்று குறிப்பு வேண்டும் என்று கேட்டிருந்தாய். நீ இப்போது பேசுகிறாயா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. சித்தி ஏதேதோ சொல்கிறாள். அவள் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேட்டதை எழுதிவிட்டேன், வைத்துக்கொள்.

ஆண்கள் சண்டைக்குப் போனார்கள், பெண்கள் வேலைக்கு வந்தார்கள், விடுதலை கிடைத்தது என்று மேடையில் எல்லாரும் பாடும் பாட்டை நீயும் பாடாதே. வேலையைக் கொடுத்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று பார். முதல் உலகப் போரின்போது, 1915 மார்ச்சில் பிரிட்டன் அரசும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் போட்டன. தொழில் பழகிய ஆட்களின் இடத்தில் பழகாதவர்களையும் பெண்களையும் வைக்கலாம், ஆனால் போர் முடிந்ததும் பழைய நடைமுறை திரும்பிவிடும். அந்த மேசையில் பெண் தொழிலாளர் சங்கத்துக்கு நாற்காலி கிடையாது. முடிகிற தேதியை யாரோ எழுதினார்கள், வேலை செய்தது வேறு யாரோ.

வேலையைக் கொடுத்த விதத்தையும் கவனி. வருஷக்கணக்கில் தொழில் பழகிய ஒரு லேத்துக்காரர் முழுசாகச் செய்ததைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். பீரங்கிக் குண்டின் உறையைக் கடைவது ஒருத்தி, அளவு பார்ப்பது ஒருத்தி, செப்பு வளையம் ஏற்றுவது இன்னொருத்தி. லேத்தை செட் பண்ணுவது மட்டும் ஆண் கையில். உற்பத்தி கூடியது, சந்தேகமே இல்லை. சண்டை நின்றதும் அதையே திருப்பிப் போட்டார்கள்: உனக்கு ஒரு துண்டுதானே தெரியும், முழுத்தொழில் தெரியாதே! 1919-ல் பழைய நடைமுறையை மீட்கச் சட்டமே வந்தது. உன் டீமில் செட்டிங் வேலை உன் கையில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளையே பெருமையாகச் சொன்னார். அதை யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதே.

குண்டுக்குள் டிஎன்டி என்ற வெடிமருந்தை நிரப்பிய பெண்களுக்குத் தோலும் முடியும் மஞ்சளாகிப்போகும். மஞ்சள் நிறக் கேனரிக் குருவி என்று பட்டப்பெயர். கல்லீரல் கெட்டுக் காமாலையில் செத்தவர்களும் உண்டு. உள்ளே போகுமுன் கொண்டை ஊசியைக்கூடக் கழற்றிவிட வேண்டும், உலோகம் உரசிப் பொறி பறந்தால் கட்டடமே போய்விடும். நம் சிவகாசிப் பக்கம் பட்டாசு அறைக்குள் இரும்புச் சாமான் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம். இவ்வளவுக்கும் பிறகு 1918-ல் ஓட்டு வந்தபோது 30 வயது நிரம்பி, சொத்துத் தகுதியும் உள்ள பெண்ணுக்குத்தான் ஓட்டு. குண்டு செய்தவர்களில் பெரும்பாலோர் அதற்கும் சின்னப் பெண்கள். ஆண்களுக்குச் சமமாக 21 வயதில் ஓட்டு வர 1928 ஆயிற்று.

பிரெஞ்சுப் புரட்சியைச் சொல்லும்போது, ராஜா இருந்த வெர்சாய் அரண்மனைக்குப் பெண்கள் நடந்த ஊர்வலத்தோடு நிறுத்தாதே. 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டுப் போய் ராஜாவையே பாரிசுக்குக் கூட்டிவந்த பெண்களுக்கு, நான்கே வருஷத்தில், 1793 அக்டோபரில், சங்கம் வைக்கக்கூடத் தடை. பெண் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் த கூஜின் தலை அடுத்த மாதமே போனது. 1792-ல் கிடைத்த விவாகரத்து உரிமையை 1816-ல் பிடுங்கி, 1884-ல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். 1804-ல் நெப்போலியன் சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியே வைத்தது. புருஷன் சம்மதம் இல்லாமல் வேலைக்குப் போகவும் சொந்தமாக பேங்க் கணக்குத் தொடங்கவும் அங்கே கட்டின பெண்ணுக்கு 1965-ல்தான் முடிந்தது. (உன் சம்பளக் கணக்கு இன்னும் உன் பேரில்தானே இருக்கிறது? சும்மா கேட்டேன்.)

நம் நாட்டுக்கு வா. சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற தடையை 1943-ல் இரண்டாம் உலகப் போருக்கு நிலக்கரி வேண்டும் என்று எடுத்தார்கள், 1946-ல் திரும்பப் போட்டார்கள். உள்ளே போகச் சொன்னதும் வெளியே வரச் சொன்னதும் அவளைக் கேட்டு அல்ல. இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் படையான ஜான்சி ராணி படையையும் கட்டாயம் சொல். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி தொடங்கியது, தலைமை கேப்டன் லட்சுமி. சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள். பால்வெட்டிய கையில் துப்பாக்கி! அணிவகுப்பு, துப்பாக்கி சுடுதல், நர்ஸ் வேலை என்று எல்லாம் பழகினார்கள். 1945-ல் படை கலைந்தது. சுதந்திர இந்தியாவில் நர்சிங், மருத்துவம் தவிர மற்றப் பிரிவுகளில் பெண் அதிகாரிகளைச் சேர்க்க 1992 வரை ஆனது. நிரந்தரப் பதவிக்கு 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

வேலு நாச்சியாரை நீ எப்படியும் சொல்வாய். 1772-ல் காளையார்கோவிலில் கணவரை இழந்து, விருப்பாட்சியில் இருந்து, ஹைதர் அலி துணையோடு 1780-ல் சிவகங்கையை மீட்டவர். ஆனால் அதே சிவகங்கையின் காத்தம நாச்சியாரை யாரும் சொல்வதில்லை. அப்பா தானே சம்பாதித்த சொத்து இது, பங்காளிக்குப் போகாது, மகளுக்குத்தான் வரும் என்று அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை வழக்காடி 1863-ல் ஜமீனை வாங்கியவர். எனக்கு வாளைவிட இந்த வக்காலத்துதான் பெரிதாகத் தெரிகிறது. அவர் மட்டும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஏதாவது விடுதலைப் பத்திரத்தில் முன்னமே கையெழுத்துப் போட்டிருந்தால்?

குழந்தை விஷயம்தான் முக்கியம். அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரத்துக் கைசர் கப்பல் தளத்தில், 1943-ல், தளத்தின் வாசலிலேயே குழந்தைகள் காப்பகம் கட்டினார்கள். இரவு ஷிஃப்டுக்கும் திறந்திருக்கும். பிள்ளையைக் கூட்டிப்போகும்போது சமைத்த சாப்பாட்டையும் வாங்கிக்கொண்டு போகலாம். 1945-ல் போர் முடிந்ததும் மூடிவிட்டார்கள். மத்திய அரசுப் பணத்தில் நடந்த மற்றக் காப்பகங்களும் 1946-ல் மானியம் நின்று போயின. கலிபோர்னியாவில் மட்டும் தாய்மார்கள் விடாமல் கேட்டுக் கேட்டு மாநிலச் செலவில் தொடர வைத்தார்கள். பெண்ணுக்கு வேலை பிடிக்காமல் போகவில்லை, பிள்ளையை விட இடம் இல்லாமல் போனது.

உனக்கு அந்த நிலை இல்லை, மலர். பிரசவ விடுப்பு 26 வாரம் சட்டப்படி உன்னுடையது, அந்தக் காலத்தில் உன்னை நீக்க முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஆபீசில் காப்பகம் வைத்தாக வேண்டும், நீ ஒரு நாளைக்கு நான்கு தரம் போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். விடுப்பு முடிந்த பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்தில் கேள். அதுவும் முடியாவிட்டால் சம்பளமில்லா விடுப்பு கேள், திரும்பி வரும் தேதியை நீயே போட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சில் எதுவும் வேண்டாம். பேப்பர் போடுவது, அதாவது ராஜினாமா, கடைசி. ஐந்து வருஷம் முடிய உனக்கு எத்தனை மாசம் பாக்கி என்று பார், அதற்கு முன்னால் விட்டால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, போகும். சம்பந்தியம்மா ஏதாவது சொன்னால் சரி அத்தை என்று கேட்டுக்கொள், அவர் பயலைப் பார்த்துக்கொள்வது பெரிய உதவி. கேட்டுக்கொள், கையெழுத்து மட்டும் போடாதே.

ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்றால் எந்தத் தேதியில் கொடுத்தாய், அவர்கள் ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்ததா என்று சொல். ஏற்றுக்கொள்ளும்வரை திரும்பப் பெறுகிறேன் என்று கேட்கலாம், தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு. எட்டு மணிவரை குழாயில் தண்ணீர் வரும், அதற்குப் பிறகு போன் என் கையிலேயே இருக்கும்.

அம்மா
மதுரை