அட்வான்ஸ் நம் பணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர், "குடித்தனக்காரர்களை நம்பவே முடியவில்லை, 10 மாத அட்வான்ஸ் வாங்கினால்தான் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு" என்று எழுதியிருந்தார். அவர் பட்ட கஷ்டம் உண்மையாகவே இருக்கும். ஆனால் நான் 20 வருஷமாக வில்லிவாக்கத்தில் மூன்று போர்ஷன்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்துகிறவள். அந்தப் பெரிய அட்வான்ஸால்தான் நான் ஒருமுறை தலைகுனிந்து நிற்க வேண்டி வந்தது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் மாடி கட்டினோம். கீழே நாங்கள், முதல் மாடியில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, மொட்டை மாடியில் சமையலறையோடு ஒற்றை அறை. அவர் போன பிறகு பென்ஷனும் வாடகையும்தான் எனக்கு வருமானம். என்னைப் போன்ற வீட்டுக்காரர்கள் சென்னையில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஊர் எங்களைப் பணக்காரர்கள் என்று நினைக்கிறது. மோட்டாருக்கு காயில் போனால் அந்த மாதம் கையைப் பிசைகிறவர்கள் நாங்கள்.

2016-ல் முன்பக்கத்தில் ஒரு குடும்பம் இருந்தது. வாடகை 8,500, அட்வான்ஸ் 85,000. நாலு வருஷம் இருந்தார்கள், ஒரு மாதம்கூட 5-ஆம் தேதி தாண்டியதில்லை. மே மாதம் அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. பிள்ளைக்குப் பள்ளி திறப்பதற்குள் போக வேண்டும், அங்கே வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும், என்னிடம் கொடுத்திருந்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். என்னிடம் இல்லை. அந்தப் பணம் முந்தின வருஷமே என் பெண்ணின் கல்யாண மண்டபத்துக்குப் போய்விட்டது. "அடுத்த ஆள் வரட்டும் தம்பி, வாங்கித் தந்துவிடுகிறேன்" என்றேன். இந்த ஊரில் இதைச் சொல்லாத வீட்டுக்காரர் குறைவு.

காலி செய்த அன்று அவர் மனைவி என்னை மேலே கூப்பிட்டாள். வீட்டைக் கழுவி விட்டிருந்தாள். காலண்டர் மாட்டின ஆணி, சாமி படத்து ஆணி எல்லாவற்றையும் பிடுங்கி, ஓட்டைகளை வெள்ளை சிமென்ட் வைத்து விரலாலேயே அடைத்து வைத்திருந்தாள். அவள் விரல் நுனியில் சிமென்ட் காய்ந்திருந்தது. "சரியா இருக்கா பாருங்கம்மா" என்றாள். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் 40 நாள் இழுத்தடித்து, அவரை இரண்டு தடவை கோவையிலிருந்து ரயிலேறி வர வைத்து, கடைசியில் பெயின்ட் செலவு என்று 2 மாத வாடகையைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுத்தேன். 17,000 பிடித்தேன். பெயின்டருக்குக் கொடுத்தது 9,000. மிச்சம் 8,000 எனக்கு அப்போது தேவைப்பட்டது, அவ்வளவுதான் காரணம். அதைத் திருப்பி அனுப்ப எனக்கு 2 வருஷம் ஆனது.

நான் கெட்ட எண்ணம் உள்ளவள் என்று நினைக்கவில்லை. ஆனால் அடுத்தவர் பணத்தைச் செலவழித்துவிட்ட பிறகு, சுவரில் குறை தேடத் தொடங்கிவிடுகிறோம். குழாய் சொட்டுகிறது, தரை கீறியிருக்கிறது, ஜன்னல் கண்ணாடி மங்கலாக இருக்கிறது என்று ஒவ்வொன்றும் கண்ணில் படுகிறது. காலி செய்யும்போது நடக்கிற சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இதுதான்.

இப்போது நான் 3 மாத வாடகைதான் வாங்குகிறேன். தமிழ்நாடு அரசு 2017-ல் கொண்டுவந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி எழுதிக்கொண்டாலொழிய 3 மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. வீட்டைக் காலி செய்து ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும். அந்த 3 மாதப் பணத்தையும் நான் தொடுவதில்லை. வங்கிக் கணக்கில்தான் வாங்குவேன், வாங்கிய வாரமே ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டு, ரசீதின் பின்னால் எந்தப் போர்ஷன் என்று பென்சிலால் எழுதி வைத்துவிடுவேன். வட்டி வருகிறது, அது எனக்கு. அசல் அவர்களுடையது.

"3 மாதம் போதுமா, பாக்கி வைத்துவிட்டு ஓடிவிட்டால்?" என்று என் நாத்தனார் கேட்டாள். நியாயமான கேள்வி. 2021-ல் மொட்டை மாடி அறையில் இருந்த பையனுக்கு வேலை போய், 2 மாத வாடகையும் கரன்ட் பில்லும் நின்றுபோனது. பேசி, கணக்குப் பார்த்து, அட்வான்ஸில் கழித்துக்கொண்டு அனுப்பினேன். எனக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. 2 மாத பாக்கி விழுந்து, எழுத்தில் கேட்ட பிறகும் ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் வீட்டைத் திரும்பக் கேட்டு மனு போட அதே சட்டத்தில் வழி இருக்கிறது. 10 மாத அட்வான்ஸ் வாங்கியவர்கள்தான் "அட்வான்ஸ் இருக்கிறதே" என்று 6 மாதம் 7 மாதம் பாக்கியை வளரவிட்டு, அப்புறம் திண்டாடுகிறார்கள். முதல் மாதம் தவறும்போதே மாடிப்படி ஏறிப் போய் விசாரித்துவிடுங்கள். பாதிக் கதை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்காக ஃபியூஸைப் பிடுங்குவது, மோட்டார் போடாமல் இருப்பது என்று இறங்கக் கூடாது. எங்கள் தெருவிலேயே ஒருவர் அப்படிச் செய்தார். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்த எந்த வீட்டுக்காரருக்கும் உரிமை கிடையாது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் அந்த ஒரு காரியத்தால் போய்விடும்.

ஒப்பந்தம் பற்றியும் சொல்ல வேண்டும். 11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும் என்று நாம் பழகிவிட்டோம். ஒரு வருஷத்தைத் தாண்டினால் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதற்காக வந்த பழக்கம் அது. இப்போதைய சட்டப்படி 11 மாத ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது. முதல் தடவை என் மருமகன் உட்கார்ந்து செய்து கொடுத்தார். இரண்டாவதை நானே செய்தேன், என் வயது 67. வாடகை எவ்வளவு, எப்போது எவ்வளவு ஏறும், லாரித் தண்ணீர் வாங்கினால் யார் எவ்வளவு தர வேண்டும், எல்லாம் அதில் இருக்கிறது. தண்ணீர் பற்றிய அந்த நிபந்தனை 2019 கோடையில் கற்ற பாடம். செம்பரம்பாக்கம், செங்குன்றம் ஏரிகள் வறண்டு, போர்வெல்லும் காற்று வாங்க, மூன்று குடும்பமும் நானும் டிரம்முக்கு டிரம் கணக்குப் போட்டுக்கொண்டு நின்றோம். யாரும் கெட்டவர்கள் இல்லை, முன்கூட்டிப் பேசிக்கொள்ளவில்லை, அதுதான் மனஸ்தாபம்.

மின்சாரத்துக்கு ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு வாங்கிவிடுங்கள். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் ஓடினால் யூனிட் கூடக் கூடக் கட்டணமும் மேல் படிக்கு ஏறிவிடும், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமும் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8, 10 என்று வசூலிப்பதைச் சம்பாத்தியமாக நினைக்காதீர்கள், அதைப் போல் மனக்கசப்பை வளர்ப்பது வேறொன்றில்லை. வரும் அன்றும் போகும் அன்றும் மீட்டரை இரண்டு பேரும் சேர்ந்து பார்த்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், போன பிறகு வருகிற பில்லில்தான் தகராறே.

அதே போல வருகிற நாளில் வீட்டை அறை அறையாக வீடியோ எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுகிறேன். ஃபேன் நாலு, சாவி மூன்று, கீசர் ஒன்று, ஏற்கெனவே விரிசல் விட்ட வாஷ்பேசின் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து. போகும்போது அந்தத் தாளை வைத்துக்கொண்டு சுற்றினால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். காவல் நிலையத்துக்கான குடியிருப்போர் விவரப் படிவத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸைத் தொடாவிட்டால் பெயின்ட்டுக்கு எங்கே போவது? வருஷத்தில் ஒரு மாத வாடகையை நான் என்னுடையதாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. சொத்து வரி, சம்ப் கழுவுவது, மோட்டார், பெயின்ட் எல்லாம் அதிலிருந்துதான்.

அந்த வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதில் பட்டியலே இருக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள் போன்றவை குடியிருப்பவர் பார்க்க வேண்டியவை. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிப்பது, வயரிங், தேவைப்படும்போது பைப் மாற்றுவது இவையெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, ஆண்டாண்டு காலமாக நாம் பிடித்துவரும் "பெயின்டிங் ஒரு மாதம்" நாம் செய்ய வேண்டிய செலவு. வெள்ளை சிமென்ட் காய்ந்த அந்த விரல்தான் நினைவுக்கு வந்தது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அட்டவணையை, வாடகைக்கு இருப்பவரும் விடுபவரும் படிக்கிற மாதிரி எளிய தமிழில், உங்கள் ஞாயிறு இதழில் அரைப் பக்கத்துக்கு வெளியிடுங்கள். நான் அதை வெட்டி எடுத்து மாடிப்படி ஓரம், மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கப் போகிறேன். பின்பக்கக் குடும்பம் அடுத்த மாதம் அம்பத்தூரில் சொந்த வீட்டுக்குப் போகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டத்தான்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் ஒருவர்,
வில்லிவாக்கம், சென்னை - 49