முட்டையை எண்ணினால் போதாது

சிஸ்டோசோமா ஒழிப்புத் திட்டங்களை வகுப்போருக்கு,

வணக்கம்.

ரத்தக் குழாய்க்குள் ஆணும் பெண்ணும் பின்னிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழும் இந்தத் தட்டைப்புழுவுக்கு எதிராக உங்கள் கையில் இருப்பது அநேகமாக ஒரே மருந்துதான்: பிரசிகுவான்டெல். நோய்ப்பரவல் 10 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் இரண்டு வயதிலிருந்து எல்லோருக்கும் ஆண்டுதோறும் அதைக் கொடுக்கும்படி 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. கொடுக்கத்தான் வேண்டும். என் குறை, அதன் பலனை நீங்கள் அளக்கும் விதத்தில்.

மலத்தில் முட்டை குறைந்ததா என்று பார்க்கிறீர்கள். குறையவில்லை என்றால் அது மருந்து எதிர்ப்பா, மறுதொற்றா, மருந்துக்குச் சாகாத இளம்பருவப் புழு வளர்ந்ததா? முட்டை எண்ணிக்கை சொல்லாது. குறைந்துவிட்டால் நிம்மதி, அந்த நிம்மதிதான் எனக்குக் கவலை.

ஆக்சாம்னிகுயின் என்ற பழைய மருந்தை நஞ்சாக மாற்றுவதே புழுவின் சொந்த நொதி ஒன்றுதான். அந்த நொதிக்கான மரபணு 2013-இல் அடையாளம் காணப்பட்டது. அது பழுதானால் புழு பிழைத்துக்கொள்ளும். பழுதான வடிவங்கள் அந்த மருந்து வருவதற்கு முன்பே புழுக்களிடம் இருந்தன என்பதும் பின்னர் தெரியவந்தது. பிரசிகுவான்டெலுக்கும் ஆய்வகப் புழுக்களில் இதே பாடம்: 2021-இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு அசையாத தன்மையைக் கால்சியத்தை உள்ளே விடும் ஒரு வாயில் புரதத்தின் மரபணுவோடு இணைத்தது. களத்தில் இத்தகைய பழுது இன்னும் அரிதுதான்.

இந்த இரண்டு மருந்து எதிர்ப்புகளுமே ஒடுங்கு பண்புகள்: புழுவிடமுள்ள மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் வெளிப்படும். பத்துப் பிரதிகளில் ஒன்று பழுது என்று வையுங்கள். இரண்டு பிரதியும் பழுதான புழு நூற்றுக்கு ஒன்றுதான். ஒற்றைப் பிரதியைச் சுமப்பவை 18. அந்த 18-உம் மாத்திரைக்குச் செத்து, உங்கள் அறிக்கையை அழகாக்கும்.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. மலத்திலிருந்து பிரித்த முட்டைகளைச் சுத்தமான நீரில் வெளிச்சம் படும்படி வைத்தால், மிராசிடியங்கள் எனும் நுண்ணிய இளம்புழுக்கள் உறையைவிட்டு நீந்தி வரும். ஒவ்வொன்றாக நுண்குழாயில் உறிஞ்சி, டிஎன்ஏவைக் காக்கும் அட்டையில் சொட்டிக் காயவிடுங்கள், குளிர்பெட்டிகூட வேண்டாம். மரபணுவைப் படிக்கும் செலவுதான் உண்மையான தடை. அதற்கு நிதி ஒதுக்குங்கள்.

மாத்திரை இன்னும் போய்ச் சேராத ஊர்களில் தொடங்குங்கள். மருந்து படாத புழுக்களின் மரபணு நிலவரத்தை முதல் சுற்று முடிந்தபின் எடுக்க முடியாது.

இப்படிக்கு,
ஒட்டுண்ணி மரபியல் மாணவன்