போர்வைக்கு எந்தத் துணி?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த, துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைக் குறிப்பை ஆசையாகப் படித்தேன். ஆனால் 'வீட்டில் கிடைக்கும் எந்தத் துணியும் போதும்' என்ற வரியை ஏற்க முடியவில்லை. இந்தப் போர்வையின் அழகே, உள்ளே மறைக்காமல் வெளியே விட்டு, அரை அங்குலத்துக்கு ஒரு வெட்டு போட்ட தையல் விளிம்புதான். துவைக்கத் துவைக்க அது நூல் பிரிந்து பஞ்சுபோல மலரும். நெய்த பருத்தியில்தான் அப்படி வரும். பாலியஸ்டர் விறைப்பாகச் சிலும்பி நிற்கும், பனியன் துணியோ சுருண்டுகொள்ளும்.

என் பேத்திக்குத் தைத்தபோது புதுச் சிவப்புச் சுங்குடியை நனைத்துப் பார்க்காமல் சேர்த்துவிட்டேன். முதல் சலவையிலேயே அவள் தாத்தாவின் வேட்டித் துண்டுகள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. இப்போதெல்லாம் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தரியை எடுக்கிறேன். புதுத்துணியை ஒருமுறை அலசிக் காயவைத்தால் பின்னால் சுருங்கி இழுக்காது.

பழைய சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். உட்காரும் இடம் வலைபோலத் தெரியும், அதை விட்டுவிடுங்கள். இடுப்பில் செருகும் உள்முனை பெரும்பாலும் சாயம் போகாமல் கெட்டியாக இருக்கும். குழந்தையின் கன்னம் படும் நடுப்பகுதிக்கு அதை வையுங்கள்.

– ஒரு வாசகி, மதுரை