கார் பருவத் தண்ணீர் திறக்கும் முன்: தாமிரபரணிக் கரை உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்கள், மாநகராட்சி ஆணையர்கள், நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சித் தலைவர்கள், செயல் அலுவலர்கள்.

வணக்கம்.

சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய் பேட்டை, டவுன் வழியாக வந்து நயினார்குளத்தை நிரப்புகிறது. கால்வாய் நீர்வளத்துறையுடையது. அதைக் கடக்கும் ரோடு ஓரிடத்தில் நெடுஞ்சாலைத் துறைக்குச் சேரும், இன்னோரிடத்தில் மாநகராட்சிக்குச் சேரும். பக்கத்தில் புதைந்து கிடக்கும் குழாய்க்கும் கம்பத்துக்கும் வேறு உடைமையாளர்கள். அவரவர் வரைபடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே கால்வாய் நான்கு தடத்தில் ஓடும். இந்த வரைபடங்களை ஒத்துப்போக வைப்பது பற்றியதுதான் இந்த மடல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. நெல்லை ஜங்ஷன் தண்ணீரில் மிதந்தது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. அப்படியொரு இரவில் கட்டுப்பாட்டு அறைக்கு வேண்டியவை சில விவரங்கள்தான். எந்தக் குளத்தின் மறுகால் (மிகுதி நீர் வெளியேறும் வழி) எந்த ஓடையில் விழுகிறது, அந்த ஓடை எந்தச் சிறுபாலத்தில் குறுகுகிறது, பாலத்துக்கு எத்தனை கண் (நீர் போகும் திறப்பு), அதில் எத்தனை தூர்ந்திருக்கிறது. ஆனால் தூத்துக்குடி 1986-லும் தென்காசி 2019-லும் நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டங்களாகிவிட்டன. சிற்றாறு குற்றாலத்தில் இறங்கி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் சேர்ந்து, ஸ்ரீவைகுண்டம் வழியே கடலுக்குப் போகிறது. ஒரு மழையின் தண்ணீருக்கு மூன்று ஆட்சியர் அலுவலகம்.

புது மென்பொருள் வாங்கச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. தமிழ்நாடு புவிசார் தகவல் அமைப்பு இருக்கிறது, வருவாய்த் துறையின் நிலப் பதிவு அமைப்பான தமிழ்நிலம் இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கும் வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ் சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். இல்லாதது ஒப்பந்தம்தான்: எந்த அளவு முறையில் எழுதுவது, எந்த எண்ணால் அழைப்பது, யார் திருத்துவது.

அளவு முறையில்தான் அதிகம் சறுக்குகிறது. மீட்டர் கணக்கில் வரைபடம் போடுகிறவர்கள், பூமியை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யு.டி.எம். முறையைப் பயன்படுத்துகிறார்கள். அதன் 43-ஆம், 44-ஆம் மண்டலங்களைப் பிரிக்கும் கோடு 78 பாகை கிழக்கு. அது ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, திருச்செந்தூருக்கு மேற்கே, ஆற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. நெல்லையின் கோப்பு 43, திருச்செந்தூரின் கோப்பு 44. மண்டல எண் குறிக்காமல் அனுப்பிய நெல்லைக் கோப்பை 44 என்று எடுத்துத் திறந்தால் பாளையங்கோட்டை சுமார் 660 கி.மீ. நகர்ந்து, இலங்கையையும் தாண்டிக் கடலில் கிடக்கும். இது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். எவரெஸ்ட் என்ற பழைய இந்திய நில அளவு முறைத் தாள்களில் இருந்து எடுத்த கோடுகளை மாற்றாமல் சேர்த்தால் விலகல் நூறு, இருநூறு மீட்டர்தான். அது கண்ணுக்குச் சரிபோலவே தெரியும், பக்கத்துத் தெருவைத் தோண்ட வைக்கும்.

ஆகவே பரிமாறும் கோப்பு எல்லாம் ஜி.பி.எஸ். பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ். 84 முறையில், அட்சரேகை, தீர்க்கரேகையாக, தசமப் பாகையில், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தோடு இருக்கட்டும். ஐந்து இலக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர், மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் வரை பிழை வரலாம். மீட்டராக மாற்றுவதை நீளமோ பரப்போ கணக்கிடும்போது வைத்துக்கொள்ளலாம். அட்சரேகை முதலா, தீர்க்கரேகை முதலா என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள். 8.7, 77.7 என்பதைத் திருப்பிப் போட்டால் நம்மூர் வடதுருவப் பக்கம் பனிக்கடலுக்குப் போய்விடும்.

உயரம் இன்னும் ஆபத்தானது. ஜி.பி.எஸ். கருவி தரும் நேரடி உயரம் கடல் மட்டத்தில் இருந்து அளந்தது அல்ல. நம் பகுதியில் இரண்டுக்கும் 90 மீட்டருக்கு மேல் வித்தியாசம், பாளையங்கோட்டையில் நின்றாலும் கருவி மைனஸில் காட்டும். ஒரு துறை அந்த எண்ணையும் இன்னொரு துறை கடல்மட்ட எண்ணையும் எழுதினால் வாய்க்கால் மேட்டைப் பார்த்து ஓடும். மடை, மறுகால், சிறுபாலத்தின் அடிமட்டம் எல்லாம் கடல்மட்ட உயரம் குறித்த அளவுக்கல்லில் இருந்து லெவல் கருவி வைத்து எடுத்ததாக இருக்க வேண்டும். கைபேசி உயரத்தை எழுதவே வேண்டாம்.

அடுத்தது பெயர். சேரன்மகாதேவி, சேரன்மாதேவி, ஸ்ரீவைகுண்டம், திருவைகுண்டம். மனிதருக்குக் குழப்பமில்லை, கணினிக்கு இவை நான்கு ஊர். வருவாய் கிராமமும் ஊராட்சியும் ஒரே பெயரில் வேறு வேறு எல்லையோடு இருக்கும். நகர நில அளவையில் வரும் வார்டு வேறு, நெல்லை மாநகராட்சியின் 55 தேர்தல் வார்டுகள் வேறு. பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைக்காதீர்கள். ஒன்றிய அரசின் உள்ளாட்சிப் பட்டியலான எல்.ஜி.டி.யின் குறியீட்டு எண் ஒவ்வொரு ஊராட்சிக்கும் நகர அமைப்புக்கும் ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண், பின் பொருளின் வகை, பின் வரிசை எண் என்று ஒவ்வொரு பாலத்துக்கும் மடைக்கும் ஒரு நிரந்தர அடையாளம் கொடுங்கள். பாலம் இடிந்து புதிதாகக் கட்டினால் புது எண், பழைய எண்ணை இன்னொன்றுக்குத் தரக் கூடாது.

தமிழ் எழுத்தும் ஒரு தொல்லை. வானவில் எழுத்துருவில் தட்டிய பட்டியலை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும், அதை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். பல கோப்புகள் சேர்ந்த பழைய வரைபட வடிவமான ஷேப் கோப்பில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்தான் இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் பிடிக்கும், 'மறுகால்' என்ற சொல்லே முழுசாக நுழையாது. போதாததற்கு, துணைக் கோப்புகளை விட்டுவிட்டு ஒரே ஒரு கோப்பை மட்டும் மின்னஞ்சலில் அனுப்புகிறவர்கள் உண்டு. ஜியோபேக்கேஜ் வடிவம் ஒரே கோப்பு, இந்தத் தலைவலி இல்லை.

வருவாய்த் துறையின் புலப்படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது ஒவ்வொரு புல எண்ணுக்கும் தனித்தனியே ஜி லைன் என்னும் அடிப்படைக் கோடு வைத்து அளந்து வரைந்தது, பூமியில் எங்கே என்று அதில் இருக்காது. ஒட்டி ஒட்டிக் கிராமமாக்கும்போது ஓரிடத்தில் இடைவெளி விழும், இன்னோரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அழகுக்காக இழுத்துப் பொருத்தாதீர்கள். மூன்று கிராம எல்லை சந்திக்கும் கல் போன்ற நிலையான புள்ளிகளில் குறைந்தது நான்கைக் களத்தில் அளந்து பொருத்தி, மீதி விலகல் எவ்வளவு என்பதை எழுதி வையுங்கள். சேவைக்கு இது போதும். வரப்புத் தகராறைத் தீர்க்க இந்தப் படத்தை எடுக்கக் கூடாது.

அளக்கும் வேலை எளியது. பிசானப் பருவ நெல் அறுப்பு முடிந்து கால்வாய் வறண்டு கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில், காலை பத்து மணிக்குள், இரண்டு பேர், ஒரு டேப், ஒரு கைபேசி. சிறுபாலம் ஒவ்வொன்றுக்கும் கண் எத்தனை, ஒரு கண்ணின் அகலம், உயரம் செ.மீ.யில், மண் எவ்வளவு மூடியிருக்கிறது, மேலே ரோடு யாருடையது, கீழே வாய்க்கால் யாருடையது, அளந்த தேதி, மேல்பக்கம் ஒரு படம், கீழ்பக்கம் ஒரு படம். திறந்த வெளியில் கைபேசி ஐந்து மீட்டர் வரை பிசகும், பாலத்துக்கு அது போதும். தெருவுக்குள் புதைந்த குழாய்க்குப் போதாது. அங்கே வால்விலிருந்து இரண்டு நிலையான கட்டட மூலைகளுக்கு டேப் பிடித்து, இரண்டு தூரத்தையும் ஆழத்தையும் குறியுங்கள். ஜேசிபி குழாயை உடைப்பதைத் தடுப்பது இந்த மூன்று எண்கள்தான்.

ஒவ்வோர் அமைப்பும் தன் எல்லைக்கு வெளியே 200 மீட்டர் வரை சேர்த்து அளக்கட்டும். இரட்டை வேலை என்பார்கள். அந்த 200 மீட்டரில்தான் இருவர் படமும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். ஒத்துப்போகாத இடத்தில் இரு தரப்பு மேற்பார்வையாளரும் சேர்ந்து போய் ஐந்து புள்ளிகளை மறுபடி அளக்கலாம்.

திருத்தும் உரிமை பராமரிப்பவருக்கு மட்டும். மற்றவர்கள் பார்க்கலாம், பிழையைக் குறிப்பாக எழுதி அனுப்பலாம், கோட்டைத் தொடக் கூடாது. எல்லோரும் திருத்தினால் மூன்றாம் மாதம் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

பகிர்ந்தால் சட்டச் சிக்கல் வருமோ என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. ஒன்றிய அரசின் 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் வரைபடத் தரவுக்கு இருந்த முன் அனுமதியை நீக்கிவிட்டன. வரிவிதிப்பு எண்ணோடு வீட்டுக்காரர் பெயர், கைபேசி எண் போகக் கூடாது, அந்தப் பத்திகளை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒரே ஒரு கால்வாய். நெல்லைக் கால்வாயோ, பாளையங்கால்வாயோ, தூத்துக்குடிப் பக்கம் மருதூர் அணைக்கட்டில் பிரியும் கால்வாய்களில் ஒன்றோ, அணைக்கட்டில் தொடங்கிக் கடைமடைக் குளம் வரை, இந்தக் கோடையில் அளந்து, ஜூனில் தண்ணீர் திறக்கும் முன் எல்லா அலுவலகத்திலும் ஒரே கோப்பாக இருக்கட்டும். முதல் கூட்டத்துக்கு அதிகாரிகளோடு கால்வாயைக் கவனிக்கும் லஸ்கர்களையும் மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சிகளையும் அழையுங்கள். எந்தக் கண் அடைத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நில அளவையும் வரைபடப் பணியும் அறிந்த சிலர்,
பாளையங்கோட்டை