பழைய கார் விளம்பரத்தில் குறைகளை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வாகனங்களுக்கான வரி விளம்பரங்களில் “குறைந்த ஓட்டம்”, “மிகச் சிறந்த நிலை” ஆகிய இரண்டு தொடர்களும் இணைபிரியாமல் வருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். முதலாவது உண்மையானால் இரண்டாவது பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும். அப்படியொரு காரைப் பல வருடங்களாகக் கொட்டிலில் வைத்திருப்பவன் என்ற முறையிலும், சென்ற மாதம் என்னையறியாமலே அத்தகைய விளம்பரமொன்றுக்குச் சொந்தக்காரனாகிவிட்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். கன்வஸ் கூரையை மடித்துப் பின்னால் போடக்கூடிய, இரண்டு கதவுகள் கொண்ட திறந்த கார். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் புறப்பட்ட நாட்களில், ஊருக்குத் திரும்பும் ஒருவரிடமிருந்து என் தந்தையார் அதை வாங்கினார். நாங்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் நிலாவெளிக்கும் அதில்தான் போய்வந்தோம். 1990இல் ஊரை விட்டு வெளியேறியபோது கார் கொட்டிலில் நின்றது. திரும்பி வந்தபோதும் நின்றது, பற்றரி மட்டும் இல்லை. அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூசைக்கு முதல் நாள், உவர்மலையிலிருந்து கோட்டை வாசல் வரை ஓட்டிச் சென்று திரும்புவதோடு சரி. 2022இல் எரிபொருள் வரிசையில் ஊரே நின்ற வருடம் அதுவும் இல்லை. இப்போது என் முழங்கால் கிளச்சை மிதிக்க மறுக்கிறது, பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்பதால் விற்கத் தீர்மானித்தேன்.

நான் எழுதிக் கொடுத்த விளம்பரம் பின்வருமாறு: “1955 மொறிஸ் மைனர் திறந்த கார். எஞ்சின் தொடங்கும், ஓடும், ஆனால் தூரப் பயணத்துக்கு உகந்ததல்ல. இரு கதவுகளுக்கும் கீழுள்ள பெட்டித் தகரத்தில் துரு உண்டு. இடது பக்கம் மோசம். கூரைத் துணி இரண்டு இடங்களில் கிழிந்து தைக்கப்பட்டுள்ளது. ரயர்களில் பூ இருக்கிறது, ஆனால் அவை பழையவை, மாற்ற வேண்டும். மைல் கணக்கை நம்ப வேண்டாம். நேரில் பார்த்து வாங்கவும்.” இதை வாங்கிப் படித்த விளம்பர முகவர், “ஐயா, குறையைக் காசு குடுத்துப் போடுற முதல் ஆள் நீங்கதான்” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மறு ஞாயிற்றுக்கிழமை வேறொரு பத்திரிகையில் வெளிவந்தது இதுதான்: “மொறிஸ் மைனர் கன்வேர்ட்டிபிள், ஒரே குடும்பப் பாவனை, குறைந்த ஓட்டம், மிகச் சிறந்த நிலை.” என் சொற்களில் மிஞ்சியவை காரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே. கேட்டபோது, சொற்களின் எண்ணிக்கைக்கு ஏற்பச் சுருக்கினோம் என்றார்கள். சுருக்கியதில் எனக்கு மனக்குறை இல்லை. நான் சொல்லாத ஒன்றைச் சேர்த்ததுதான் குறை.

அதை நம்பி வவுனியாவிலிருந்து ஓர் இளைஞர் தமது மச்சானுடன் விடியற்காலை பஸ் ஏறி ஹொரவப்பொத்தானை வழியாக வந்து சேர்ந்தார். பெயின்றைப் பார்க்கவில்லை, இருக்கையில் ஏறி உட்காரவுமில்லை. நேரே குந்தியிருந்து இடது கதவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். பப்படம் உடைவது போல ஒரு சத்தம் கேட்டது; அவருடைய உள்ளங்கையில் சிவப்புச் செதில்கள் விழுந்தன. “சிறந்த நிலை எண்டு போட்டிருந்தீங்களே, ஐயா” என்று மட்டும் கேட்டார். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேநீர் கொடுத்து, என் முதல் பிரதியை எடுத்துக் காட்டினேன். இதைப் பார்த்திருந்தால் ஒரு மெக்கானிக்கையும் ஜக்கையும் கூட்டிக்கொண்டு வந்திருப்போம், இன்றே பேசி முடித்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு இருவரும் பிற்பகல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்கள்.

அவர் ஏன் அந்த இடத்தை முதலில் தொட்டார் என்பதை, இவ்வகைக் காரை வாங்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மொறிஸ் மைனருக்கு லொறியைப் போலத் தனியான சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. உடலின் தகரமே பாரத்தைத் தாங்குகிறது. மூடிய காரில் கூரையும் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். கூரை துணியாக இருக்கும் காரில் அந்த வேலை முழுவதும் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரத்தின் மேலும் தரையின் மேலும் விழுகிறது. அங்கே துரு பிடித்தால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும். நடுப்பக்கத்தில் ஜக் வைத்து உயர்த்தும்போது கதவின் இடைவெளி மாறினாலோ, கதவு இறுகித் திறக்க மறுத்தாலோ, மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை. மூடிய காரின் கூரையை வெட்டி எடுத்துவிட்டுத் திறந்த கார் என்று விற்பவர்களும் உண்டு. தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்யப்பட்டதில் அடித் தகரத்திலும் முன் பலகைக்குக் கீழேயும் மேலதிக வலுவூட்டல் இருக்கும் என்பதால், டோர்ச் ஒன்றுடன் தரையில் படுத்துப் பார்ப்பது அவசியம்.

கடற்காற்று இல்லாத ஊரில் ஓடாமல் நிற்பதே ஒரு காருக்குக் கேடுதான்; இங்கே சொல்லத் தேவையில்லை. பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் பிறேக் சிலிண்டருக்குள்ளே துருவாகும். மைனரில் பிரதான பிறேக் சிலிண்டர் சாரதியின் காலடித் தகரத்துக்குக் கீழே மறைந்திருப்பதால், அது கசிந்தாலும் மிதி கீழே போகும் வரை பலருக்குத் தெரிவதில்லை. தாங்கியில் கிடக்கும் பெற்றோல் நாளடைவில் பிசினாகிக் காபரேற்றரை அடைத்துவிடும். எங்கள் காரின் மின்சார எரிபொருள் பம்ப், சாவியைத் திருப்பியதும் டிக், டிக் என்று துடிக்க வேண்டியது. மாதக்கணக்கில் நின்றால் வாய் திறக்காது. பொனற்றைத் திறந்து திருப்புளியின் பிடியால் இரண்டு முறை மெதுவாகத் தட்டினால் மட்டுமே பேசும். ரயரின் பூவைப் பார்த்து ஏமாறுவதும் இப்படித்தான், ஏனெனில் ஓடாத ரயர் தேய்வதில்லை, ஆனால் அதன் றப்பரில் வெடிப்பு விழுகிறது. பக்கச் சுவரில் பொறித்திருக்கும் நான்கு இலக்கங்களில் முதல் இரண்டும் ரயர் செய்யப்பட்ட வாரத்தையும் பின்னிரண்டும் ஆண்டையும் காட்டும்.

மைல் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் காரின் மானியில் ஐந்து இலக்கங்கள்தான் உண்டு. 99,999க்குப் பிறகு பூச்சியத்திலிருந்து மீண்டும் தொடங்கும். இப்போது அது 38,000 சொச்சம் காட்டுகிறது. அது 38,000மா, 1,38,000மா என்று தந்தையாரே உறுதியாகச் சொன்னதில்லை. விளம்பர முகவருக்கு அந்த எண் மிகவும் பிடித்திருந்தது.

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் கார்களின் இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களின் விலை எங்கெங்கோ ஏறியது. தரகர்கள் என் படலையைத் தட்டத் தொடங்கியதும் அப்போதுதான். அவர்களில் ஒருவர், துருவின் மேல் புட்டி பூசிப் பெயின்ற் அடித்தால் இரண்டு இலட்சம் கூடக் கேட்கலாம் என்று ஆலோசனை சொன்னார். இன்னொருவர், பதிவுப் புத்தகம் தந்தையாரின் பெயரில் இருப்பது பிரச்சினையே இல்லை, திகதியிடாத படிவத்தில் ஒரு கையொப்பம் கிடைத்தால் போதும் என்றார். காலமானவரின் கையொப்பத்தை எங்கே பெறுவது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இருந்தது. அதை இங்கே எழுத விரும்பவில்லை. முறைப்படி என் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்பேன்.

குறைகளைச் சொன்னால் கார் விலைபோகாது என்ற எண்ணமும் சரியல்ல. 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான மொறிஸ் மைனருக்கு இன்றும் பிரித்தானியாவில் உதிரிப்பாகங்கள் புதிதாகச் செய்யப்படுகின்றன. தகரத் துண்டுகளும் அவற்றில் அடங்கும். எது பழுது என்று தெரிந்தால் வாங்குபவர் செலவைக் கணக்குப் பார்த்துப் பேசுவார். பின்னாளில் மினி காரை உருவாக்கிய அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தார் என்று நான் எழுதியிருந்தால் அதை ஒருவரும் வெட்டியிருக்க மாட்டார்கள்.

ஆகவே பத்திரிகைகளின் விளம்பரப் பிரிவுகளிடம் என் வேண்டுகோள் சிறியது. விற்பவர் சொல்லாத புகழ்ச்சியைச் சேர்க்க வேண்டாம்; இடம் போதாதென்றால் அவரிடமே கேட்டுச் சுருக்குங்கள்; அவர் விரும்பிக் கொடுக்கும் குறைகளுக்கு ஒரு வரியையாவது கட்டணமின்றி விட்டுக்கொடுங்கள். வவுனியாவிலிருந்து வந்த இளைஞர் மறுபடி தொலைபேசியில் பேசினார். இரண்டு கிழமைக்குள் மெக்கானிக்குடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்காக இடது பக்கத் தரைவிரிப்பைக் கழற்றி, தகரம் வெளியே தெரியும்படி வைத்திருக்கிறேன்.

இக்கடிதத்தைப் பிரசுரிக்க இடம் போதாவிட்டால் என் தந்தையாரைப் பற்றிய பகுதியைத் தாராளமாக வெட்டிக்கொள்ளலாம். துருவைப் பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.