யாழினி பாக்சிங்கில் சேர்ந்துவிட்டாள்

அன்புள்ள சேகர்,

நலம்தானே? அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? இங்கே எல்லாரும் சௌக்கியம். சேதி ஒன்றுதான்: யாழினி பாக்சிங்கில் சேர்ந்துவிட்டாள். சிரிக்காதே. கராத்தே, கீபோர்டு எதிலும் ஒரு மாதம் தாங்காதவள், இப்போது விடியுமுன் எழுந்து கையில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு நிற்கிறாள். சுமதி என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பிள்ளைக்கு மூக்கு உடைந்துவிடும் என்று அவளுக்குப் பயம். எனக்கு மூக்கு கூடப் பரவாயில்லை, மூளையை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

கவலை வந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியுமே. படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

ரோமில் ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, 1885-இல் மண்ணிலிருந்து எடுத்தது. சண்டை முடிந்து உட்கார்ந்திருக்கும் கிரேக்க வீரன். படத்தைப் பெரிதாக்கிப் பார். காது வீங்கி உருக்குலைந்திருக்கிறது, மூக்கு நசுங்கியிருக்கிறது, முன்கை வரை தோல்வார் சுற்றியிருக்கிறது. காயங்களுக்குச் சிற்பி செம்பு பதித்திருக்கிறான்; கையிலும் தொடையிலும் சொட்டிய ரத்தமும் செம்புதான். கி.மு. 688-லேயே இதை ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்கள். ரவுண்டு இல்லை, எடைப் பிரிவு இல்லை. ஒருவன் விழ வேண்டும், இல்லையென்றால் விரலைத் தூக்கித் தோற்றேன் என்று காட்ட வேண்டும்.

அப்புறம் 1743-இல் லண்டனில் ஜாக் பிராட்டன் விதிகள் எழுதினார். விழுந்தவனை அடிக்கக் கூடாது என்று அவர்தான் எழுதி வைத்தார். அப்போதும் வெறுங்கைச் சண்டைதான். 1889-இல் மிசிசிப்பியில் சல்லிவனும் கில்ரெய்னும் கொளுத்தும் வெயிலில் 75 ரவுண்டு மோதினார்கள்! அது பழைய வெறுங்கை விதிப்படி நடந்தது; அந்தக் கணக்கில் ஒருவன் கீழே விழுந்தால் ஒரு ரவுண்டு.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1867-இன் குவீன்ஸ்பரி விதிகள்தான் கிளவுஸைக் கட்டாயமாக்கின. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, விழுந்தவன் எழப் பத்து எண்ணுவது எல்லாம் அதில் வந்தவை. கிளவுஸ் காப்பாற்றுவது முக்கியமாக அடிப்பவனின் கையைத்தான், சேகர். வெறுங்கையால் மண்டையில் ஓங்கிக் குத்தினால் குத்தியவனின் விரலெலும்பே முறியும்; அதனால் உடம்பில்தான் அதிகம் அடித்தார்கள். பஞ்சு வைத்த கையால் தலையிலேயே விடாமல் குத்தலாம். அமெரிக்க மருத்துவர் மார்ட்லண்ட் 1928-லேயே, அடி வாங்கிய வீரர்கள் குடிக்காமலே தள்ளாடுவதைப் பற்றி எழுதிவிட்டார். 1982-இல் லாஸ் வேகாஸில் கொரியாவின் டுக் கூ கிம் 14-ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் 15 ரவுண்டை 12 ஆக்கினார்கள். ஒரு பையனின் உயிர் போய்த்தான் மூன்று ரவுண்டு குறைய வேண்டுமா? நாம் தலையில் வைத்துக் கொண்டாடிய முகமது அலிக்கு 42 வயதில் பார்க்கின்சன்ஸ் என்றார்கள். அதற்கு அடி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் கை நடுங்கியதைப் பார்த்தவர்கள் நாம்.

இவ்வளவையும் யாழினியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பெண்களை 2012 வரைக்கும் ஒலிம்பிக் ரிங்கில் ஏற்றவே இல்லையேப்பா, மேரி கோம் எவ்வளவு காத்திருந்தாங்க" என்றாள். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? அவள் கால் வைக்கிற அழகைப் பார்த்தால் உனக்கும் நிறுத்தச் சொல்ல மனசு வராது.

ஹெட்கார்டு போட்டுக்கொள்கிறாள். வெட்டுக்காயத்துக்கு அது நல்லது. உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. ஸ்பாரிங், அதாவது பயிற்சிக்காக இன்னொருவரோடு மோதுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு பலத்தோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதை எடைபோட எனக்குத் தெரியாது. உன் அப்பாவுக்குத் தெரியும். ராயபுரத்தில் அவர் ரிங் ஏறிய காலத்துக் கதைகளை நம் இருவருக்கும் எத்தனை முறை சொல்லியிருப்பார்! முழங்கால் வலி இல்லையென்றால் ஒரு ஞாயிறு அழைத்து வா. காலை ஆறு மணிக்கெல்லாம் பயிற்சி தொடங்கிவிடும். அந்தக் கோச்சோடு அவர் பத்து நிமிடம் பேசினால் போதும். இப்போது ஸ்பாரிங் வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுகிறேன்.

பதில் எழுத்திலேயே போடு. போன் வந்தால் சுமதிதான் எடுக்கிறாள்.

அன்புடன்,
ரவி