வை என்றால் தண்ணீர்

ஆக்லாந்து, நியூசிலாந்து,
ஜூன், ஞாயிறு மாலை.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் நலமா? மழை விட்டபாடில்லை. ஜூன் மாதம் குளிர்காலம் என்பது இந்த இரண்டாவது வருஷத்திலும் எனக்குப் பழகவில்லை. ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

போன வாரம் போனில் கேட்டாயே, "அப்படி அந்தப் பிள்ளைங்களுக்கு என்னதான் சொல்லிக்கொடுக்கிறே? நாள் முழுக்க விளையாட்டுத்தானா?" என்று. எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதே கேள்வியை என் படிப்பிலும் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதில் என் கொள்கை என்ன என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தால் புத்தகத்தில் படித்த வார்த்தைகள்தான் வருகின்றன, நான் அதில் இல்லை. அதனால் முதலில் உனக்கு எழுதிப் பார்க்கிறேன்.

இந்தப் பாலர் மையத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நடந்ததை இதுவரை உன்னிடம் சொல்லவில்லை. இரண்டு வயதுப் பையன் ஒருவன், சமோவா தீவிலிருந்து வந்த குடும்பம். (பிள்ளைகளின் பெயரை வெளியே சொல்லக் கூடாது, அதனால் எழுதவில்லை.) ஒருநாள் என்னிடம் வந்து "வை" என்றான். என் காதில் அது தமிழாகவே விழுந்தது. கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டேன்! மறுபடியும் "வை" என்றான், குழாய்ப் பக்கம் கை காட்டினான். அப்போதுதான் தண்ணீர் கேட்கிறான் என்று புரிந்தது. புரிந்ததும் நான் செய்தது என்ன தெரியுமா? தம்ளரை எடுத்து உயரப் பிடித்துக்கொண்டு, "வாட்டர் சொல்லு, தர்றேன்" என்றேன். சொல்லிக்கொடுக்கிறேன் என்று மனப்பூர்வமாக நம்பித்தான் அப்படிச் செய்தேன். அவன் தம்ளரைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். அன்று முழுவதும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் மூத்த ஆசிரியை, இந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தவர். அவர் அதைப் பார்த்திருந்தார். திட்டவில்லை. சமோவா மொழியில் தண்ணீர் 'வை', மாவோரியிலும் ஏறக்குறைய அதே சொல்தான் என்று மட்டும் சொன்னார். பிறகு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் சொல்லை அவனைப் போலவே சொல்லி, தண்ணீரைக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகு 'வாட்டர்' என்ற சொல்லையும் சேர்த்துச் சொன்னார்.

நான் அவனை 'இன்னும் பேச்சு வராத பிள்ளை' என்று என் நோட்டில் குறித்து வைத்திருந்தேன், அக்கா. அவனுக்குப் பேச்சு வந்திருந்தது. அது எனக்குத் தெரியாத பேச்சு, அவ்வளவுதான். புது மொழிக்குள் விடப்பட்ட பிள்ளைகள் பலர் கொஞ்ச காலம் வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள் என்று பிறகு பாடத்தில் படித்தேன். அந்த மௌனத்தில் நிறைய வேலை நடக்கிறதாம். அதை நம்புகிறேன். இங்கே வந்த புதிதில் பஸ்ஸில் நானும் அப்படித்தானே இருந்தேன்!

இந்த நாட்டின் பாலர் கல்விக்குப் பாடத்திட்டம் ஒன்று இருக்கிறது, பெயர் தே ஃபாரிக்கி. 1996-ல் வந்தது, 2017-ல் திருத்தினார்கள். மாவோரி மொழியில் அதற்குப் 'பின்னிய பாய்' என்று பொருள். நான்கு கொள்கைகளும் ஐந்து துறைகளும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கின்றன. உடல்நலம், மனநலம் ஒன்று. இது என் இடம் என்ற உணர்வு ஒன்று. தன்னாலும் மற்றவருக்குப் பயன் உண்டு என்பது ஒன்று. மொழி, தேடிப் பார்ப்பது. கணக்கு, எழுத்து என்று தனிப் பாடவேளை இல்லை. வீட்டு மொழியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லக் கூடாது என்பதும் அதில் உண்டு. அதை நான் பரீட்சைக்குப் படித்திருந்தேன். படித்துவிட்டுத்தான் தம்ளரை உயரப் பிடித்தேன்.

இன்னொன்று, கைக்குழந்தைகளிடம் கற்றது. முன்பெல்லாம் டயப்பர் மாற்ற வேண்டுமென்றால் பின்னாலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு போவேன். நாம் எல்லாரும் அப்படித்தானே செய்கிறோம்? ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946-ல் புடாபெஸ்டில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது ஆகிய நேரங்கள்தான் குழந்தைக்கும் பெரியவருக்கும் உறவு வளரும் நேரம், அவற்றை அவசரமாக முடிக்கக் கூடாது என்பது அவர் வழி. இப்போது நான் குழந்தைக்கு முன்னால் போய் உட்கார்ந்து, "தூக்கப் போறேன்" என்று சொல்லி, கையை நீட்டிக் காத்திருக்கிறேன். எட்டு மாதக் குழந்தை ஒன்று முதல் வாரம் சும்மா பார்த்தது. பிறகு ஒருநாள் தானே இரண்டு கையையும் என் பக்கம் தூக்கியது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எழுத்து, எண் எல்லாம் எங்கே என்பாய். மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுதாக உறுதிப்படுவதில்லை. பலகையில் ஏறித் தொங்குவதும் களிமண் பிசைவதும் ஈர மணலை வாளியில் அள்ளுவதும் தோளிலிருந்து விரல்வரை பலம் சேர்க்கின்றன. பென்சில் பிடிக்க அந்தப் பலம்தான் வேண்டும். எண்ணும் அப்படித்தான். இருபதுவரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பெண் ஒருத்தி, மேஜைக்கு ஐந்து தட்டு கொண்டு வா என்றால் கை கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு வந்தாள். திருத்தவில்லை. ஒரு நாற்காலிக்கு ஒரு தட்டு வைத்துப் பார்க்கச் சொன்னேன். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தாள். இரண்டு வாரத்தில், புறப்படும்போதே நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தாள். அந்தத் திரும்பிப் பார்த்தலைத்தான் கணக்கு என்று சொல்கிறேன். இங்கே பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து வயது நிறைந்ததும் பள்ளிக்கூடம் போகிறார்கள், அதுவரை இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

உனக்குப் பாடம் நடத்துகிறேன் என்று நினைத்துவிடாதே. என்னால் காத்திருக்க முடிகிறதென்றால் அதற்குக் காரணம் என் பொறுமை மட்டுமல்ல. இரண்டு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும், அதற்கு மேலே 20 பேருக்கு இரண்டு பேராவது. சட்டம் அப்படி. உன் வகுப்பில் 42 பேர், நீ ஒருத்தி, உதவிக்கு ஒரு ஆயாம்மா. கொள்கையைப் பற்றி எழுதச் சொல்பவர்கள் முதலில் இந்த எண்ணிக்கையைப் பற்றிப் பேச வேண்டும் என்பதையும் அந்தப் பக்கத்தில் எழுதத்தான் போகிறேன்.

இங்குள்ள எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. பிள்ளை என்ன செய்தது, அதில் என்ன கற்றது என்று படத்தோடு 'கற்றல் கதை' எழுதி வீட்டுக்குக் கொடுக்கிறோம். நல்ல வழக்கம்தான். ஆனால் எழுதும் அவசரத்தில், எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்க்காமல் போகிற நாளும் உண்டு. பார்ப்பதற்காகத்தானே எழுதுகிறோம்? திரும்பத் திரும்ப ஒரே பாட்டைப் பாடுவதற்கும் இங்கே இன்னும் கொஞ்சம் மதிப்பு வேண்டும் என்று நினைக்கிறேன். தூங்கும் குழந்தைகளை ஐந்து பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூச்சும் சூடும் பார்த்துக் குறிக்க வேண்டும். அந்த அறையில் இருக்கும்போது அம்மா நமக்குப் பாடிய தாலாட்டை மெல்லப் பாடுவேன். ஒரு சொல்லும் புரியாது அவர்களுக்கு. நிறுத்தினால் கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள்.

மாண்டிசோரி அம்மையார் 1939-ல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததை இங்கே வகுப்பில் சொன்னபோது பெருமையாக இருந்தது. குழந்தையைக் கவனித்துப் பார்ப்பதுதான் ஆசிரியரின் முதல் வேலை என்று அவர் வலியுறுத்தினாராம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்கு உன் ஞாபகம் வந்தது. காலேஜ் லீவில் ஒருநாள் உன் வகுப்புக்கு வந்திருந்தேனே, அன்று புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வாசலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீ அவனைத் தூக்கவில்லை, அதட்டவில்லை. கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சாக்பீஸ் டப்பாவை அவன் கையில் கொடுத்து, பிடித்துக்கொள் என்றாய். அழுதுகொண்டே அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க உன் பின்னாலேயே நடந்தான்.

அந்த டப்பாவை ஏன் கொடுத்தாய், அக்கா? கொடுப்பதற்கு முன் அவனிடம் என்ன பார்த்தாய்? ஞாபகம் இருப்பதை அப்படியே எழுது, வாட்ஸ்அப்பில் வேண்டாம், கடிதமாகவே எழுது. அடுத்த மாதக் கடைசிக்குள் நான் அந்தப் பக்கத்தைக் கொடுக்க வேண்டும்.

அத்தானிடம் விசாரித்ததாகச் சொல்.

உன் அன்புத் தங்கை